கோப்பியின் கழுத்துக் கயிறு

யோங் பெங் ஊரில், லோரோங் என்று நாங்கள் சொல்லும் எங்கள் சந்தில், செல்வராணிக்கு எல்லாரும் வழிவிட்டுத்தான் போவோம். மரச்சாமான் தொழிற்சாலையில் சரக்கைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. நாற்காலியின் கால் ஆடினால் நாற்காலியையும் விடமாட்டார், மேனேஜரையும் விடமாட்டார். முனியாண்டி கோயிலுக்குப் போனால் சாமியிடமே சண்டை போடுவார் என்று கேலி செய்வோம். அவர் அடங்கிப்போவது கோப்பியிடம் மட்டும்தான். கோப்பி, அவர் வளர்க்கும் பழுப்பு நிறப் பெண் நாய்.

குட்டியாக இருந்தபோது கோப்பி ரத்தமாய்க் கழிந்து, பிழைக்காது என்றார்கள். செல்வராணி முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டு அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். நாய் பிழைத்தது. கயிறும் அப்படியே கிடந்தது.

போன வருடம் கோப்பிக்குக் கருப்பையை எடுத்தார்கள். பிறகு தின்பது கூடி, ஓடுவது குறைந்து, கழுத்தில் மடிப்பு விழுந்தது. இந்த மாதம் கண் சிவந்து நீர் வடிந்ததும் லோரோங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது: ஆபரேஷன்தான் காரணமாம். ஊர் வாய்க்குப் படிப்பா வேண்டும்? செல்வராணிக்குச் சோறு இறங்கவில்லை. நான்தான் காரில் இருவரையும் மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சாந்தினி பேனா போன்ற கருவியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இருபத்தொன்பது காட்டியது.

"கண்ணுல பிரஷர் கூட இருக்கு ஆன்ட்டி. இருபத்தஞ்சத் தாண்டக் கூடாது. இப்படியே இருந்தா பார்வை போயிடும்."

"ஆபரேஷனாலயா டாக்டர்? நான்தானே பண்ணச் சொன்னேன்."

"ஹார்மோனுக்கும் கண் பிரஷருக்கும் தொடர்பு இருக்கான்னு ஆராய்ச்சி பண்றாங்க. பொட்ட நாய் பருவத்துக்கு வர்றப்ப பிரஷர் மாறலாம்னும் சொல்றாங்க. உறுதியா இன்னும் தெரியல. அத நெனச்சு மனசத் தளர விடாதீங்க. ஆனா கழுத்த எது இறுக்குனாலும் பிரஷர் ஏறும். கழுத்துப் பட்டைய முன்னாடியே கழட்டிட்டீங்க. வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்ல லா டாக்டர்."

அது பொய்யில்லை. சாமி கயிற்றை யார் பட்டையோடு சேர்த்து எண்ணுவார்கள்? என் இடுப்பில் கட்டிய கயிறே எனக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்ல, செல்வராணி நாயை அணைத்துப் பிடித்தார். கழுத்து மடிப்புக்குள் அவர் விரலில் கறுப்புக் கயிறு தட்டுப்பட்டது. கயிற்றுக்கடியில் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

டாக்டர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இருங்க. இதுதான் இவ உசுரக் காப்பாத்துனது. இத எடுத்துட்டா, இவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கோப்பி நீர் வழிகிற கண்ணோடு செல்வராணியையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்வராணி கையை நீட்டிக் கத்தரிக்கோலை வாங்கி, தானே அறுத்தார்.

சற்றுப் பொறுத்து அளந்தபோது பத்தொன்பது. கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து கொடுத்து, கோப்பியின் சோற்றைக் குறைக்கச் சொல்லி, அடுத்த வாரம் வரச்சொன்னார் டாக்டர்.

திரும்பும் வழியில் செல்வராணி காரை முனியாண்டி கோயிலருகே நிறுத்தச் சொன்னார். அறுந்த கயிற்றைச் சாமி காலடியில் வைத்துவிட்டு நின்றார். வழக்கமான சண்டைக் குரல் இல்லை.

"கட்டுனதும் நான், அறுத்ததும் நான். கோவம்னா எங்கிட்ட வா. அவ வாயில்லாத ஜீவன். அவகிட்ட போகாத."