சங்கரி பேருக்கு வந்த முகவரி

பாளையங்கோட்டையில் பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருந்தாள் சங்கரி. வீடும் வயலும் ஒருவர் பேரிலிருந்து இன்னொருவர் பேருக்கு மாறுவதைப் பதினாறு வருஷமாகப் பார்த்தவள். யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பொருள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். தன் காரியம் என்று வந்தபோது மட்டும் அது தோன்றவில்லை.

அவள் மகள் வேணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்பது வயது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். வகுப்பில் உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள். இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு பெற்றவர்களுக்குத் தெரியாது. சங்கரி சாயங்காலங்களில் மகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, கைகளை நோட்டில் வரைந்து, பக்கத்திலேயே அர்த்தமும் எழுதி வைத்தாள். இரண்டு வருஷத்தில் நூற்று எண்பது படம் சேர்ந்தது.

தொண்ணூற்றெட்டின் கடைசியில், தட்டச்சுப் பயிலகத்தைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியிருந்த சுபைதா பேகம் அந்த நோட்டைப் பார்த்தாள். "இத இன்டர்நெட்ல போட்டுருவோம்க்கா. ஒரு கம்பெனிக்காரன் எடம் சும்மாவே தாரான்" என்று படங்களை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டாள். இடம் சும்மா கிடைத்தது, முகவரிதான் வால்போல நீண்டது. நடுவே ஒரு நெளிந்த கோடு, நாலு சாய்ந்த கோடு, கடைசியில் ஒரு எண்.

வேணியின் சிநேகிதி ஒருத்தி விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் தாய் சந்தனமாரிக்குத் திசையன்விளை. கூலி வேலை. அந்த ஊரிலும் ஒரு கம்ப்யூட்டர் கடை வந்திருந்தது. முகவரியைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனவள் இரண்டு தரம் பார்க்க முடியாமல் திரும்பினாள்.

"அந்தக் கோணக்கோட்ட எங்க தட்டணும்னு கடைக்காரனுக்கே தெரியலக்கா. எம்மவ லீவுக்கு வந்தா கைய ஆட்டி ஆட்டி அழுதா. என்ன கேக்கான்னே வெளங்கல."

அதற்காகத்தான் இன்டர்நெட்டில் சின்னதாக ஒரு பேர் வாங்க நினைத்தாள் சங்கரி. வேணி பேரை வைக்கலாமென்றால் அது வேறு யாரிடமோ இருந்தது. 'கைப்பேச்சு' என்று முடிவானதும், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தகராறு. சுபைதா ஒரு 'பி' போட்டாள். சங்கரி இரண்டு போட்டாள். கணவர் குற்றாலலிங்கம் 'சி'க்குப் பக்கத்தில் 'எச்' வேண்டாமென்றார். கடைசியில் வேணியிடம் சீட்டுகளை நீட்ட, அவள் ஒரு 'பி' உள்ளதை எடுத்தாள்.

பேர் வாங்கக் கிரெடிட் கார்டு வேண்டும். வீட்டில் யாரிடமும் இல்லை. அமெரிக்காவில் இருந்த கொழுந்தன் நடராஜிடம் கேட்டாள். "இது ஒரு விசயமா மதினி?" என்று அன்றைக்கே வாங்கிவிட்டான். "இனி அந்தப் பேரத் தட்டுனா நேரா ஒங்க பக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டுரும்" என்றான். விட்டது. யார் பேரில் வாங்கினான் என்று சங்கரி கேட்கவில்லை. சின்ன முகவரியைப் பள்ளிப் பிள்ளைகளின் நாற்பது குடும்பங்களுக்குத் தபால் கார்டில் எழுதிப் போட்டாள்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு நாள் சந்தனமாரி அலுவலகத்துக்கே போன் செய்தாள். "யக்கா, அதத் தட்டுனா போன் கார்டு விக்கிற கடைல்லா வருது!"

சுபைதாவிடம் ஓடிப்போய்ப் பார்த்தாள். உண்மைதான். இந்தியாவுக்கு மலிவாகப் பேச அட்டை விற்கும் கடை. நடராஜ் புதிதாகத் தொடங்கிய வியாபாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அண்ணனிடம் பேசக் கூப்பிடுவது வழக்கம். அன்று சங்கரி போனை வாங்கிக் கேட்டாள்.

"கோவப்படாதீங்க மதினி. 'பேச்சு'ன்னு வருதுல்லா, ஏவாரத்துக்குப் பொருத்தமா இருந்துச்சு. ரெண்டு மாசந்தான். ஒங்க பக்கம் அங்கனதானே இருக்கு, பழைய முகவரில?"

"அத எழுதத் தெரியாதவங்களுக்குத்தான் தம்பி இத வாங்குனோம். எம்பேருக்கு மாத்திக் குடுத்துருங்க."

"குடுத்துருதேன், குடுத்துருதேன்."

இரண்டு மாதம் நாலாயிற்று. குற்றாலலிங்கம் தம்பியிடம் வாய் திறக்க மறுத்தார். "ஒத்தத் தம்பி. ஒரு பேருக்குப் போயி மனஸ்தாபம் வேண்டாம், பைய கேப்போம்" என்றார். சங்கரிக்கு வீட்டுக்குள்ளேயும் ஒரு மனு போட்டுக் காத்திருக்கத் தெம்பில்லை.

பேர் மாற்ற ஒரு படிவம் உண்டு என்று சுபைதா கண்டுபிடித்து அச்செடுத்துத் தந்தாள். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அரைநாள் விடுப்பு எடுத்து, கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்த நோட்டரி திருஞானசம்பந்தத்திடம் போனாள். அவர் படிவத்தை இருமுறை திருப்பினார்.

"சொத்து எங்கன இருக்கும்மா?"

"எங்கயும் இல்ல சார். பேரு மட்டுந்தான்."

"சர்வே நம்பர்?"

"கெடையாது."

"நாலு எல்லை?"

"எல்லையும் இல்ல சார்."

கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். வேறு நாளாயிருந்தால் சங்கரிக்குச் சிரிப்பு வந்திருக்கும். அன்று கால் கடுத்தது. ஒரு பெஞ்சில் சாய்ந்துகொண்டு, முதலிலிருந்து சொன்னாள். அவர் கேட்டு முடித்து, கையெழுத்து வாங்கி முத்திரை குத்தினார்.

படிவம் விமானத் தபாலில் போயிற்று. ஒன்றரை மாதம் கழித்து நடராஜ் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பேரைப் பதிகிற கம்பெனி அதைத் திருப்பிவிட்டது. அவன் வாங்கியபோது தன் பேரைப் போடாமல், தொடங்கவிருந்த வியாபாரத்தின் பேரைப் போட்டிருந்தான். தனி ஆளாகப் போட்ட கையெழுத்து செல்லாதாம். மறுபடி புதுப் படிவம், மறுபடி நோட்டரி, மறுபடி தபால். இந்த முறை அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்டால், "இந்த வாரம் போயிருதேன் மதினி."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு. குற்றாலலிங்கம் வெளியே போயிருந்தார். போனை எடுத்த சங்கரி படிவத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. "நல்லாருக்கோம்" என்றாள். பேச வேறொன்றும் இல்லாமல் நடராஜ், ஊரில் எந்த வீட்டுக்குப் பேசினாலும் பிள்ளைகளைக் கேட்கிற வழக்கத்தில், "வேணிட்ட குடுங்க மதினி, ஒரு வார்த்த பேசிக்கிடுதேன்" என்றான்.

சங்கரி ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றாள். வேணி எதிரே தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் வந்தது.

"மதினி... ஐயையோ. நான் என்னமோ நெனப்புல..."

"பரவால்ல தம்பி. வச்சிருதேன்."

கோபமே வரவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். உட்கார வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த நாளே அவன் நோட்டரியிடம் போய்க் கையெழுத்திட்டு, விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறான். மூன்று வாரத்தில் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது. பேர் சங்கரியின் பேருக்கு மாறிவிட்டது. ஒரு வருஷக் கெஞ்சலுக்கு நடக்காதது, வாய்தவறிய ஒரு சொல்லுக்கு நடந்துவிட்டது. அதை நினைக்க அவளுக்கு நிறைவாக இல்லை.

சனிக்கிழமை சுபைதாவோடு உட்கார்ந்து, அந்தப் பேரைத் தட்டினால் கைப்படங்கள் வரும்படி மாற்றினார்கள். சுபைதா தட்டிப் பார்த்தாள். பக்கம் மெதுவாக, ஒவ்வொரு கையாக, இறங்கி வந்தது.

"வந்துட்டுக்கா! பாருங்க, ஒங்க பேருல!"

சங்கரி தலையாட்டினாள். போன் கார்டுக் கடையைப் பார்த்து ஏமாந்த குடும்பங்கள் இனி எதற்கு அதைத் தட்டப் போகின்றன? நாற்பது பேருக்கும் திரும்ப எழுத வேண்டும். இந்த ஒரு வருஷத்தில் பிள்ளைகள் பழைய சைகைகளில் பாதியை மாற்றிவிட்டார்கள் என்று வேணி வேறு சொல்லியிருந்தாள்.

தபாலாபீஸ் மூட அரைமணி இருந்தது. நாற்பது கார்டு வாங்கினாள். கவுண்டர் ஓரத்தில் நின்றபடியே முதல் கார்டில் சந்தனமாரியின் விலாசத்தை எழுதினாள்.