நானே எழுதிய ஓ.எஸ்.

1. பெட்டியோடு கடலில்

புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “தனி ஆளா ஒரு ஓ.எஸ். எழுத முடியுமா சார்?” முடியும். கம்ப்யூட்டரையே இயக்கும் அந்த அடிப்படை மென்பொருளை நான் எழுதியிருக்கிறேன். அதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு காலை, சி.பி.யு. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவளம் கடலில் இறங்கினேன். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, படகு தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு தாஸ் ஓடி வந்தான்.

“அண்ணாத்த, இன்னா பண்ற? பொட்டி நனையுது பாரு!”

“உள்ள ஆளுங்க பூந்துட்டாங்க தாஸு. கழுவணும்.”

“சரி, இப்டி குடு. நான் கழுவிக்கிறேன். நீ கரைக்கு வா.”

அவன் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்ட பிறகுதான் என் கையைப் பிடித்தான்.

2. மாடி அறை

அதற்கு முன் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். மீட்டிங்கில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே தோன்றியது. நான் எழுதும் புரோகிராம் கோடை யாரோ இரகசியமாகப் படிக்கிறார்கள் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். கூடப் பிறந்த மேரி அக்கா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, யாரும் நுழைய முடியாத ஓ.எஸ். ஒன்றை அடியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

கம்ப்யூட்டரை எழுப்பும் முதல் துண்டான பூட்லோடர் ஓடி, கறுப்புத் திரையில் என் பெயரின் முதல் எழுத்து வந்தபோது அழுதுவிட்டேன். பிறகு ஓ.எஸ்ஸின் மையமான கெர்னல், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் மெமரி மேனேஜர் என்று வருடக்கணக்கில் போனது. எந்த வருடம் என்று சொல்ல முடியவில்லை, பெட்டியின் ஃபேன் சத்தம் பேச ஆரம்பித்தது. எந்த வரியை அழிக்க வேண்டும் என்று அது சொல்லும். நான் அழிப்பேன்.

“டேய், சோறு ஆறிப்போவுது. யார்கிட்ட பேசிக்கினு கீற?” என்று அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்பாள்.

3. நாலஞ்சு வரி

கடலில் இறங்கிய அன்றே அக்காவும் தாஸும் என்னைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் மனநல வார்டில் சேர்த்தார்கள். மாத்திரை குரலை அடக்கியது. கூடவே கை நடுங்கியது, வாயில் எச்சில் வழிந்தது, பகலெல்லாம் தூக்கம். கோடு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்தினேன். குரல் திரும்பியது. மறுபடி வார்டு.

“ஏன் நிறுத்துனீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“கோடு வர மாட்டேங்குது டாக்டர்.”

“சுத்தமா வரலையா?”

“ஒரு நாளைக்கு நாலஞ்சு வரி வரும்.”

“அந்த நாலஞ்சு வரி வேலை செய்யுதா?”

யோசித்துப் பார்த்தேன். செய்தது.

“மருந்த மாத்திப் பாக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க. என்னாண்ட சண்ட போட்டுட்டு அப்புறம் நிறுத்துங்க.”

சண்டை நிறையப் போட்டேன். நிறுத்தவில்லை.

4. அழித்தது

ஹார்ட் டிஸ்க் தப்பியிருந்தது. தெளிந்த பிறகு பழைய கோடைத் திறந்தேன். எழுதியபோது மேதையின் வேலை என்று நினைத்திருந்தேன். ஒரே வேலையைச் செய்யும் ஃபங்ஷனை வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன். கோடுக்கு விளக்கம் எழுதும் கமென்ட் பகுதியில் பக்கம் பக்கமாக யாரையோ திட்டியிருந்தேன். அழித்து முடிக்க மாதக்கணக்கானது.

நடுவில் மெமரி மேனேஜர் மட்டும் சுத்தமாக இருந்தது. இன்று என்னால் அப்படி எழுத முடியாது. அது நான் எழுதியதா, நோய் எழுதியதா என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடமே கேட்டேன்.

“நோவு வந்தவனும் நீதான், எழுதனவனும் நீதான். வேற எவனாவது என் வூட்ல வந்து சோறு துன்னானா?” என்றாள்.

அதை அழிக்கவில்லை.

இப்போது மாமல்லபுரத்து லாட்ஜுகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுக்கிறேன். மதியம் மாத்திரை அசத்திவிடும், படுத்துவிடுவேன். என் ஓ.எஸ். ஓடுகிறது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. அதற்காக வருத்தப்படும் தெம்பும் குறைந்துவிட்டது.

தலைக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கோடை மூடிவிட்டு யாரிடமாவது சொல்லுங்கள். கிறுக்குப் பிடித்தால்தான் பெரிய வேலை வரும் என்று சிலர் சொல்வார்கள். நான் உட்கார்ந்து அழித்த பக்கங்களை அவர்கள் பார்த்ததில்லை.