பூவிழியைக் காத்த நாட்கள்

கடத்தூர் பக்கம் தக்காளி போட்டு, சொந்த மினி வேனிலேயே மண்டிக்கு ஏற்றிப் போகிறவர் ராஜாமணி. அவர் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் திரும்பியதில்லை. மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரைக்கூடக் கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்.

போன வருஷம் ஆடியில் அவர் மனைவி பூவிழிக்கு ரத்தப் புற்றுநோய் என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியதும் டாக்டரம்மா ராஜாமணியை அழைத்து விளக்கினார். இந்த மருந்து நோயோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகூடப் பூவிழியைச் சாய்த்துவிடலாம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் தொடக் கூடாது. சளி, இருமல் உள்ளவர்களை அண்டவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துப் பார்க்காமல் அப்போதே கிளம்பி வர வேண்டும்.

அதன்பிறகு ராஜாமணி தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் பூவிழிக்குக் கொடுத்தார். மாட்டுக் கொட்டகை வேலை முடிந்தால் குளித்து, துணி மாற்றிக்கொண்டே உள்ளே வந்தார். பார்க்க வந்த உறவுகளைப் புங்கமரத்தடியில் உட்கார வைத்து, அங்கேயே சாப்பாடு போட்டு அனுப்பினார். சிலருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பூவிழி தூக்கி வளர்த்த தம்பி நவநீதன் ஓசூரிலிருந்து வந்தான். வண்டியிலிருந்து இறங்கும்போதே இருமினான். ராஜாமணி கேட்டைத் திறக்கவில்லை.

"சளி வுட்டதும் வா மச்சான். அதுவரைக்கும் போன்ல பேசு."

"எங்கக்காவப் பாக்கறதுக்கு உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுங்களா?" என்று கேட்டுவிட்டு, பழப்பையைக் கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பூவிழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சியைத் தொடவில்லை. ராஜாமணி கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னைத் திட்டு புள்ள. திட்டறதுக்கு நீ இருக்கணும், எனக்கு அது போதும்."

அவள் திட்டவில்லை. கொஞ்சம் கழித்து எழுந்து கஞ்சியைக் குடித்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மண்டிக்குக் கிளம்ப வேனில் தக்காளி ஏற்றியாகிவிட்டது. சொல்லிவிட்டுப் போக உள்ளே வந்தவர், பூவிழி போர்வைக்குள் நடுங்குவதைப் பார்த்தார். தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியிருந்தது. ஒரு மாத்திரை போட்டால் விட்டுவிடும், காலையில் பார்க்கலாம், லோடு வீணாகிவிடும் என்று அவள் கெஞ்சினாள். அவர் அவளுக்கு மாஸ்க்கைப் போட்டுவிட்டு, முன்சீட்டில் உட்கார வைத்து, தக்காளியோடு நேரே சேலத்துக்கு ஓட்டினார்.

போனதுமே ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் கிருமிக்கான மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். ரத்தத்தில் கிருமி கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. விடியும்வரை பொறுத்திருந்தால் எங்கள் கையில் இருந்திருக்காது என்றார் டாக்டரம்மா. ராஜாமணி வெளியே வந்து வேனின் மறைவில் நின்று அழுதார்.

பூவிழிக்கு பிளேட்லெட் என்கிற ரத்தத் தட்டணு தேவைப்பட்டபோது நவநீதன்தான் வந்து கொடுத்தான். இருமல் நின்றிருந்தது. கையில் பஞ்சை அழுத்தியபடி மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னிக்குப் பேசினது தப்புங்க மாமா."

"உன் எடத்துல நான் இருந்தாலும் அப்பிடித்தான் பேசியிருப்பேன்" என்றார் ராஜாமணி.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. மீதி மருந்தையும் ஏற்றி முடித்தார்கள். இந்தச் சித்திரையில் ரத்தம் சுத்தமாக இருப்பதாகச் சொன்ன டாக்டரம்மா, இனி ஆட்கள் வந்து போகலாம் என்றார். நவநீதன் தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்து அக்காவின் மடியில் போட்டான். அது அப்படியே தூங்கிப்போனது. கால் மரத்துப்போன பிறகும் பூவிழி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.