மேசைக்கு அடியில் பதினொரு குஞ்சுகள்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பம்மா என்றால்தான் தெரியும். முப்பது வருஷமாக வீட்டு முன்னறையில் துணி தேய்த்துக் கொடுக்கிறாள். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. முதல் வருஷம் இரண்டு சட்டையைக் கருக்கினாள், மூன்றாவதைக் கருக்கவில்லை. எந்தத் துணி எவ்வளவு சூடு தாங்கும் என்பது விரல் நுனியில் இருந்தது. பக்கத்து லாட்ஜ் மேனேஜர் மூட்டையைப் போட வரும்போதெல்லாம் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அப்படியே இந்தச் சுருக்கத்தையும் கொஞ்சம் எடுத்து விடுங்களேன்" என்பார்.

"உங்க தோல் எவ்வளவு சூடு தாங்கும்னு தெரியலையே" என்பாள் அவள், தலை நிமிராமல்.

அவளுடைய ஒரே மகள் ஐந்து மாதமாக அம்மா வீட்டில்தான் இருந்தாள். அங்கே, புருஷன் வீட்டில், நாற்பத்தொரு நாள் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது; எழுந்திருக்கவில்லை. தட்டித் தூங்க வைத்தவள் அவள்தான். டாக்டர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, சில குழந்தைக்கு இப்படி ஆகிவிடுகிறது, காரணம் தெரியவில்லை என்றார்கள். மருமகன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். தனியாக விடப் பயந்து இங்கே கொண்டுவந்து விட்டார்.

வந்தவள் எதையும் தொடவில்லை. மடித்த துணியை எடுத்துக் கொடு என்றால்கூட, "என் கை வேண்டாம்மா" என்பாள்.

மடிப்பம்மா ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய்க் கோழிக்குஞ்சு வாங்கி வந்தாள். பத்துதான் கேட்டாள். விற்றவன் இன்னொன்றையும் சேர்த்துப் போட்டான். "இது கொசுறு. சரியான வாயாடி, நீங்களே வச்சுக்குங்க. ராத்திரி பகலா ஒரு பல்பு எரியணும், மறந்துடாதீங்க."

"எங்க வீட்டுல சூட்டுக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள்.

அட்டைப்பெட்டியில் மரத்தூள் பரப்பி, தேய்க்கிற மேசைக்கு அடியிலேயே வைத்தாள். குளிர்காற்று படக்கூடாது என்று ஜன்னலையும் சாத்தினாள். பகலெல்லாம் மேலே இஸ்திரிப்பெட்டி ஓடியது, கீழே கதகதப்பு. ராத்திரிக்கு மட்டும் ஒரு பல்பு.

அந்த வாயாடிதான் மகளை முதலில் அந்த அறைக்குள் இழுத்தது. "என்னம்மா இது, இந்தக் கத்து கத்துது?" என்று வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் உள்ளங்கையில் நொய் வைத்து நீட்டினாள். நாலாம் நாள், "உன்னை மாதிரியே சண்டைக்காரிம்மா" என்றாள். மடிப்பம்மா சட்டைக் காலரைப் பார்த்தபடியே நின்றாள். நிமிர்ந்தால் அந்தப் பேச்சு கலைந்துவிடுமோ என்று பயம்.

வியாழக்கிழமை காலையில் மகள் இரை வைத்தாள். மத்தியானம் குளித்துவிட்டு வந்து அட்டைப்பெட்டியைத் திறந்தாள். பதினொன்றும் சாய்ந்து கிடந்தன. காலை வரை துள்ளிக்கொண்டிருந்தவை. கழிச்சல் இல்லை, தூங்கி வழியவில்லை, இரைப்பை நிறைந்தே இருந்தது.

மகள் அழவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான்தான் இரை வச்சேன்" என்றாள்.

"சும்மா இருடி. சந்தைக்குஞ்சு, என்ன சீக்கோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆளிடம் எட்டுக் குஞ்சு வாங்கினாள். இந்த முறை மகள் கிட்டவே வரவில்லை. புதன்கிழமை மட்டும் வாசற்படியில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் எட்டும் போய்விட்டன.

"நான் பார்த்ததே ஆகலை பாரு" என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மடிப்பம்மாவுக்கு நாள் என்பது துணிதான். திங்கள் பள்ளிக்கூடச் சீருடை, செவ்வாயும் புதனும் ஆபீஸ் சட்டை, வியாழன் லாட்ஜ் படுக்கை விரிப்பு. விரிப்பு முரட்டுப் பருத்தி. அதற்கு மட்டும்தான் சூட்டுத் திருகை முழுசாகத் திருப்புவாள். இரண்டு வியாழன். இரண்டு மத்தியானம்.

இஸ்திரிப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். போன மாதம்தான் அதன் அடியில் ஒரு புதுத் தகடு மாட்டியிருந்தாள்; துணி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போக ஒரு பூச்சுப் பூசியது. நடுவில் பழுப்பேறியிருந்தது. கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜன்னல் சாத்தியிருந்துச்சா?"

"ஆமாங்க. குளிர் படக்கூடாதுன்னு."

"இந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானா ஒரு ஆவி கிளம்பும்மா. கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தலைவலியோட போயிடும். பறவைக்கு மூச்சுப்பை தாங்காது. இந்த மாதிரி ஒன்னுவிடாம ஒரே நேரத்துல சாகறதுக்கு இதுதான் காரணமா இருக்கும்."

பத்தொன்பது உயிரைத் தன் இஸ்திரிப்பெட்டி எடுத்திருக்கிறது. சூடு அறிந்தவள் என்று பேர் எடுத்தவள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அவள் ஓட்டமும் நடையுமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். சேதி அப்படி.

"எழுந்திருடி, எழுந்திரு. உன் கை இல்லை. என் பெட்டி. என் புத்தி. கதகதப்பா இருக்கட்டும்னு நானே கொண்டுபோய் விஷத்துக்கு அடியில வச்சிருக்கேன்." மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். தகட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் தெளிவதுபோல்தான் இருந்தது.

"அப்ப இதுங்க சாகறதுக்குக் காரணம் இருக்கு."

"இருக்குன்னுதானே சொல்றேன்."

"பாப்பாவுக்கு?"

மடிப்பம்மா தகடு சுற்றிவந்த செய்தித்தாளை மடித்தாள். வழியெல்லாம் அவள் இதை நினைக்கவே இல்லை.

"என் கைதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்ம்மா. கொடுமைதான். ஆனா அது ஒரு காரணம். இப்ப அதுவும் இல்லைங்கறே." மகள் தகட்டைத் தரையில் வைத்தாள். "நீ துணியைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டே. அதையும் கண்டுபிடியேன்."

"தெரியலடி" என்றாள் மடிப்பம்மா. "எனக்குத் தெரியல, கண்ணு."

மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பாப்பாவின் பெயரைச் சொன்னாள். ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வாசலில் லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டார். "மடிப்பம்மா, விரிப்பு ஆச்சா?"

"ஆகலைங்க. போய்ட்டு நாளைக்கு வாங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

மகளின் தலையை நகர்த்தாமல் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.