மாடில்லாத வீட்டில் வெந்த கொள்ளு

காரமடை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பாட்டிலிலிருந்து விளக்கெண்ணெய் வாசம் வந்ததும், தொண்ணூறுகளில் நாங்கள் அச்சில் மண் போட்டுக் கல் அறுத்த, இப்போது தடமே இல்லாத செங்கல் சூளையும், எங்கள் குடிசை வாசலில் கொதித்த மண்சட்டியும் நினைவுக்கு வந்துவிட்டன. வேலியோரங்களில் ஒரு மாசமாகப் பொறுக்கிய ஆமணக்கு விதையை அம்மா வறுத்து, இடித்து, தண்ணீரில் போட்டுக் காய்ச்சுவாள். எண்ணெய் பிரிந்து மேலே ஒதுங்காவிட்டால் அந்த வருசம் பருப்புக்கும் இல்லை, எங்கள் தலைக்கும் இல்லை. காய்வது எண்ணெய் என்று வாய்விட்டுச் சொன்னால் ஒதுங்காது என்று சூளையில் எல்லோரும் நம்பினார்கள். ஒரு வருசம் சட்டி கொதிக்கிற நேரம் பார்த்துக் கல் சுமக்கும் பழனாத்தா அக்கா வந்து நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, அடுப்புல என்னங்க?"

"மாட்டுக்குக் கொள்ளு வேகுதுங்க."

எங்களிடம் ஒரு கோழிகூடக் கிடையாது.

"நல்லா வேகட்டுமுங்க. மாடு கறந்தா எனக்கும் ஒரு கரண்டி ஊத்துங்க" என்றவள் சட்டிப் பக்கம் திரும்பாமலே போனாள்.

கலங்கிக் கொதித்த தண்ணீரின் நடுவே கடுகளவு மஞ்சள் பொட்டு ஒன்று எழும்பி, பக்கத்துப் பொட்டுகளைச் சேர்த்துக்கொண்டு, விளிம்புவரை பொன் தகடாய் விரிந்தது. வெறும் நெருப்பும் தண்ணீரும் விதைக்குள் இருந்ததை வெளியே கூப்பிட்டதைப் பார்த்து நான் மூச்சுவிட மறந்தேன்.

அம்மா முதல் கரண்டியைக் கொட்டாங்குச்சியில் ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"மாடு கறந்துருச்சுன்னு அக்காகிட்டச் சொல்லு, கண்ணு."