ஹாலந்தில் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை

என் வீட்டுக்காரர் ஹாலந்துக்கு மிஷின் வாங்கப் போனார். நான் ரசம் வைக்கப் போனேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வெளியே கண்டதைச் சாப்பிட முடியாது. அதனால் எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். பெரம்பலூரில் பஸ் ஏறி செந்துறையில் மகள் வீட்டில் இறங்குவதுதான் அதுவரை நான் செய்த பெரிய பிரயாணம்.

எங்களுக்குக் குன்னம் பக்கத்தில் சின்ன வெங்காய மண்டி. வெங்காயத்தைப் பெருசு, நடுத்தரம், பொடி என்று பிரிக்க இப்போது ஆள் வருவதில்லை. போன மழையில் ஒரு கொட்டகைச் சரக்கு பிரிக்காமலே கிடந்து முளைத்துவிட்டது. ஹாலந்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகன், அங்கே வெங்காயம் பிரிக்கிற பழைய மிஷின்களைச் சரிபண்ணி விற்கிறார்கள் என்று போனில் சொன்னான். உடனே இவர் மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அடுத்த அறுப்புக்கு மிஷின் வந்துரும்" என்று சொல்லிவிட்டார். மிஷின் இல்லாமல் திரும்பினால் இவர் எப்படி மண்டியில் உட்காருவார் என்பதுதான் எனக்குக் கவலை.

மிஷின் விற்கிறவர் வயலுக்கு நடுவில் ஒரு பெரிய கொட்டகை வைத்திருந்தார். பக்கத்திலேயே வீடு. முதல் நாள் அவர் மனைவி ஒரு தட்டில் ஆப்பிள் போட்ட கேக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். காலையில் இவர் அவசரப்படுத்தியதில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். நீட்டியதும் வாங்கித் தின்றால் நம்மை என்னவென்று நினைப்பார்கள்? எங்கள் பக்கம் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை, இப்பத்தான் சாப்பிட்டேன் என்போம். மூன்றாம் தடவை கேட்க மாட்டார்கள், இலையில் போட்டுவிடுவார்கள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். இரண்டாம் தடவைக்கு நான் சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

மறுநாள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து விலை பேசினார்கள். இவர் தமிழில் சொல்ல, நாத்தனார் மகன் அவர்கள் பேச்சில் சொன்னான். விற்கிறவர் ஒரு விலை சொன்னார். இவர் அதில் பாதி சொன்னார். அவர் பழைய விலையையே மறுபடி சொன்னார். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேண்டாம்னு சொல்லிரு."

அவனும் அப்படியே சொன்னான். விற்கிறவர் எழுந்து எல்லாருக்கும் கை கொடுத்து, வாசல் வரை வந்து கதவைத் திறந்து விட்டார்.

எழுந்து பத்தடி போவதற்குள் கூப்பிடாத வியாபாரி இன்னும் பிறக்கவில்லை என்று இவர் எப்போதும் சொல்வார். வெளியே வந்ததும் வேகத்தைக் குறைத்தார். பிறகு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஊரில் செருப்புதான் போடுவார், அன்றைக்கு ஷூ உபயோகமாக இருந்தது. பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏன்டா, கூப்பிடலயே?"

"கூப்பிட மாட்டாங்க மாமா. நீங்கதான வேண்டாம்னீங்க."

"அது பேச்சுக்குச் சொல்றதுடா!"

"அவங்களுக்குப் பேச்சுன்னா பேச்சுதான்."

"அப்ப நாமளே திரும்பிப் போறதா? நல்லாருக்குமா?"

"அப்ப மிஷினு?"

இவர் மற்ற ஷூவையும் அவிழ்த்துக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, உள்ள எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க. பை இந்தா இருக்கு."

"மறந்திருப்ப. போய்ப் பாத்துட்டு வா."

முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நான் தனியாகப் போனதே கிடையாது. கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் திறந்தார். மறந்த பொருள் எதுவும் இல்லாததால் நான் எதையும் தேடவில்லை, நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பையைப் பார்த்தார், கடைசியில் மேசையில் இருந்த கேக்கைக் காட்டி ஏதோ கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னால் மறுபடி வெளியே போக வேண்டும். வெளியே இவர் கட்டுவதற்கு இன்னொரு ஷூ இல்லை.

"எஸ்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அது.

பெரிய துண்டாக வெட்டி வைத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பட்டை கொஞ்சம் அதிகம். இன்னொன்று வேண்டுமா என்றார் போல. அதற்கும் எஸ் சொன்னேன். நான் வரவில்லையே என்று நாத்தனார் மகன் வந்தான். அவன் வரவில்லையே என்று இவர் வந்தார். நாற்காலி காட்டினார்கள், காபி வந்தது. விலை எழுதிய காகிதம் அந்த மேசையிலேயே இருந்தது.

"அந்த மிஷினு வேணும்னு சொல்லிரு" என்றார் இவர், காபியைப் பார்த்துக்கொண்டே. விலையில் ஒரு பைசா குறையவில்லை.

மிஷின் வந்து இறங்கிய அன்று மண்டியில் நல்ல கூட்டம். ஆலத்தியூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். இவர் விலை பேசிய கதையைச் சொன்னார்.

"சடக்குனு எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்ல!"

"அப்புறம்? கூப்பிட்டாங்களா?" என்றார் ஒருவர்.

இவர் என் பக்கம் திரும்பினார். நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. ஆனால் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"கூப்பிட்டாங்க" என்றேன். "கேக்கு சாப்பிட."