ரோஸ் மாத்திரை

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா, டிவிக்கு நேர் எதிரே பிரம்பு நாற்காலியில். சித்தி, அம்மாவின் தங்கை, மூன்று மாடி கீழே இருந்து நாடகம் பார்க்க ஏறி வந்தவர், சோபாவில். அண்ணன், தரையில் காலை நீட்டிக்கொண்டு. நான், சன்னலோரம் தையல் மெஷின் முன்னால், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டு. அண்ணி, சமையலறை வாசலில், ஒரு கையில் வெந்நீர் கப்பும் மறு கையில் மாத்திரையுமாக, நின்றுகொண்டு. அம்மாவின் மடியில் வழக்கம்போல நீல பிஸ்கட் டின். அதில் பிஸ்கட் இருந்து பல வருஷம் ஆகிவிட்டது. ரப்பர் பேண்ட், பழைய பில், தைலக் குப்பி, மிட்டாய் என்று அம்மாவின் சாமான்கள்தான். வேறு யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்தால் திட்டு விழும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தைக்கத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. அன்றும் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அண்ணி தீவின் மறுபக்கத்து ஊரான பாலிக் புலாவ்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர், முறைக்கு அண்ணி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். விடிவதற்கு முன் ஃபேக்டரி பஸ் பிடிப்பார், மதியம் மூன்றரைக்கு வருவார், வந்த கையோடு அரிசியைக் களைவார். பேச்சு குறைவு. கல்யாணமாகி வந்த முதல் மாதமே ஒன்றைக் கண்டுபிடித்தார். அம்மா ரத்தக் கொதிப்பு மாத்திரையை மறப்பார், நாடகத்தை மறக்கமாட்டார். அதனால் ஏழு மணி நாடகத்தில் முதல் விளம்பரம் வந்ததும் மாத்திரை என்று அண்ணி வழக்கம் செய்தார். அதற்கு முன் மாதத்தில் பாதி நாள் அம்மா மாத்திரை போட்டதில்லை. அம்மா பெற்ற எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. வந்தவருக்குத் தோன்றியது.

அந்த நாடகத்தின் பெயர் வேண்டாம். எல்லாம் ஒன்றுதான். இந்தியாவில் எடுக்கிறார்கள், இங்கே நாம் பார்க்கிறோம். அந்த நாடக வீடுகளில் படிக்கட்டு நடுக்கூடத்தில் இறங்குகிறது. எங்கள் வீட்டில் லிஃப்ட்டே எங்கள் மாடியில் நிற்காது. அங்கே புது மருமகள் பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக அடுப்படியில் நிற்பாள். வேலைக்குப் போகமாட்டாள். கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரமாட்டாள். அவளுக்கு இரண்டே வேலை. ஒன்று, எல்லாரிடமும் அடி வாங்கிக்கொண்டு சாமி முன்னால் அழுவது. இல்லையென்றால் சொத்துக்காக மாமியாரைக் கொல்லப் பார்ப்பது. சும்மா சோறாக்கி, சும்மா தூங்கி எழும் மருமகளை நான் எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தார். அவரைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் கிளினிக்கில் மாத்திரை மாறியது. அதுவரை வெள்ளை. இந்த முறை ரோஸ். மருந்து அதே மருந்து, கம்பெனி வேறு. அந்த வாரம் பார்த்து நாடகத்தில் புது மருமகள் மாமியாரின் இதய மாத்திரையை மாற்றி வைத்திருந்தாள். அன்றைக்குக் குடும்பத்துப் பெரியவர் அவளைக் கூப்பிட்டு, இந்த மாத்திரையை நீயே விழுங்கு என்கிறார். அவள் முகத்தை மூன்று முறை காட்டினார்கள். இடி இடித்தது. விளம்பரம் வந்தது. அண்ணி கப்போடு வந்தார்.

அம்மா உள்ளங்கையைப் பார்த்தார். “இது என்னா கலர்?”

“கம்பெனி மாத்திட்டாங்களாம் அத்தை. மருந்து கொடுக்கிற பொண்ணு சொன்னா, அதே ஓபாட்தானாம், மருந்து மாறலயாம்.”

“அவளும் இதைத்தான் சொன்னா” என்று அம்மா டிவியைக் காட்டினார்.

அண்ணன் சிரித்தார். “அம்மா, உங்க சொத்து இந்த பிரம்பு நாற்காலிதான். இதுக்காகவா கொல்லப் போறா?”

சித்தி சிரிக்கவில்லை. “சிரிக்காதடா. யார் மனசுல என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஏம்மா, ஒண்ணும் இல்லன்னா நீ ஒண்ணு முழுங்கிக் காட்டேன் லா. அக்காவுக்கும் நிம்மதி.”

விளையாட்டு மாதிரிதான் சொன்னார். அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரையை அண்ணியின் கையிலேயே திருப்பி வைத்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்த வாயை மூடிக்கொண்டு ரிமோட்டைத் தேடினார். பிறகு அண்ணி என்னைப் பார்த்தார். நான் கொக்கியைப் பார்த்தேன். அண்ணி மாத்திரையை வாயில் போட்டு, அம்மாவுக்குக் கொண்டுவந்த வெந்நீரைக் குடித்து, வாயைத் திறந்தும் காட்டினார். இருபத்தாறு வயதுப் பெண், ஃபேக்டரி சட்டையோடு, குழந்தை டாக்டரிடம் காட்டுவது போல.

“இன்னிக்கு எனக்கு வேணாம். நாளைக்குப் பாக்கலாம்” என்றார் அம்மா. நாடகம் ஆரம்பித்துவிட்டது. மறுநாள் அண்ணிக்கு வேலையிடத்தில் தலை சுற்றி, சூப்பர்வைசர் உட்கார வைத்தாராம். வீட்டில் சொல்லவில்லை. நான் ரொம்பப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் நாடகத்தில் என்ன காட்டினார்கள் தெரியுமா? அந்த மருமகள் விழுங்கவே இல்லையாம். நாக்குக்கு அடியில் வைத்திருந்து பூந்தொட்டியில் துப்பிவிட்டாளாம். சித்தி அம்மாவின் தொடையில் தட்டி, “பாத்தியாக்கா? பாத்தியா?” என்றார். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தது. அண்ணி மாத்திரையோடு வந்தார். அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அண்ணியின் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். வீட்டில் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

பத்து நாள் கழித்து நான் பார்த்தேன். அண்ணி கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணனும் சித்தியும் டிவி பக்கம் திரும்பியிருந்தார்கள். அம்மா இருமுவது போல வாய்க்குக் கை கொடுத்தார். கை மடிக்குப் போனது. டின் மூடி சத்தமில்லாமல் திறந்து மூடியது. சன்னலோரம் இருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. கெட்ட மருமகளிடம் கற்றுக்கொண்டதை அம்மா நல்ல மருமகளிடம் செய்துகொண்டிருந்தார். தலையைத் திருப்பியபோது நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். கொஞ்சமும் கலங்கவில்லை.

“கொக்கிய நேரா வை” என்றார்.

நான் கொக்கியை நேராக வைத்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அம்மாவுக்குப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அண்ணி வருவதற்கு முன் அந்த வீட்டில் திட்டு வாங்கியவள் நான். கல்யாணமாகாதவள், தண்டமாக உட்கார்ந்திருப்பவள், கொக்கி நேராக வைக்கத் தெரியாதவள். அண்ணி வந்த பிறகு அம்மாவின் கண் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு மாதக்கணக்கில் நிம்மதி. அந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது. நாடகத்தில் நாத்தனார் கதவுக்குப் பின்னால் நின்று சதி செய்வாள், கண்ணை உருட்டுவாள். அவளைப் பார்த்து நான் இப்படி இல்லை என்று நினைத்துக்கொள்வேன். நான் உட்கார்ந்த இடத்தில் தைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு காலையில் அம்மா குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். ஒரு நாள் விட்டதில்லை என்றார் அண்ணி. ரத்தக் கொதிப்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். சித்திக்கு அது போதுமானதாக இருந்தது.

வராந்தாவில் அண்ணன் அண்ணியிடம், “உண்மைய சொல்லு. அம்மாவுக்கு என்னா குடுத்த?” என்று கேட்டார். ஏழு மணி நாடகத்தின் குரல் அப்படியே அண்ணன் வாயில் வந்தது. அண்ணி கைப்பையைத் திறந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்தார். ஒன்றைக்கூட எறியாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அடுத்த தடவை கிளினிக்கில் காட்ட என்று வைத்தாரோ, அன்று வாயைத் திறந்து காட்ட வைத்ததிலிருந்து பயந்து வைத்தாரோ, தெரியவில்லை. அண்ணன் உட்கார்ந்து எண்ணினார். பத்துக் குழி அட்டை எட்டு, முழுக்கக் காலி. ஒன்பதாவதில் நான்கு குழி காலி. எண்பத்து நான்கு.

“மாத்திரை அட்டையில இல்ல, சரி. அக்கா வயித்துக்குள்ள போச்சுன்னு யாரு கண்டா?” என்றார் சித்தி. யாரும் கண்டதில்லை. கண்டவள் நான், பக்கத்தில்தான் நின்றேன்.

அம்மா ஒன்பது நாள் இருந்தார். கடைசி வரை இடது கையை அண்ணி பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். பார், காட்டிக்கொடுக்கிறார் என்று சித்தி வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம். அது மாலை நேரமாக இருந்தால், அம்மா வெந்நீர் கேட்டிருப்பார்.

கருமாதி அன்று அண்ணியை யாரும் சமையல் பக்கம் விடவில்லை. அவர் கலக்கிக் கொடுத்த காப்பியைச் சித்தி தொட்டியில் ஊற்றினார், அண்ணி பார்க்கும்படியாக. அண்ணன் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. மறுநாள் அண்ணி ஒரு பையோடு கிளம்பினார். ஒரு மாடி இறங்கி, லிஃப்ட் நிற்கும் இடம் வரை நான் கூடப் போனேன்.

“அக்கா, நீங்க சன்னல் பக்கம்தானே உக்காந்திருப்பீங்க. நீங்க ஒண்ணும் பாக்கலயா?”

“லிஃப்ட் வந்துருச்சு அண்ணி” என்றேன்.

டின்னை அம்மா விழுந்த அன்றே என் நூல் பெட்டிக்கு அடியில் ஒளித்திருந்தேன். எறிய மனம் வரவில்லை. எடுத்துக் காட்டவும் மனம் வரவில்லை. ஆறு வருஷம் அது அங்கேயே இருந்தது. அந்த நாடகம் முடிந்தது. கடைசி வாரத்தில் உண்மை தானாக வெளியே வந்து, எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த திங்கட்கிழமை வேறு நாடகம், வேறு மருமகள். சித்தி மட்டும் எங்கள் கதையை முடிக்கவில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், காய்கறி வாங்கும் பாசாரில், போகிற இடமெல்லாம் சொன்னார். மாமியாருக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தவள் என்று அண்ணிக்குப் பெயரே ஆகிவிட்டது.

நான் இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். போன வாரம் அண்ணி கடைக்கு வந்தார். நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. மெலிந்திருந்தார். தங்கையின் நிச்சயத்துக்கு என்று முன்பணம் கட்டிக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியைத் திருப்பிக் கேட்க வந்திருந்தார். யாருடைய துணி என்று தெரியாமல் அதை நான்தான் அன்று காலை மேசையில் போட்டிருந்தேன்.

“தைக்க வேணாம் அக்கா. நிச்சயம் நின்னுருச்சு.”

“ஏன் அண்ணி?”

“மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்களாம், அந்த மாத்திரைக்காரியோட தங்கச்சியான்னு. எங்க வூட்டுக்கும் அதே ரத்தம்தானே வரும்னு சொன்னாங்களாம்.” கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். பிறகு மேசையைப் பார்த்தார். “வெட்டிட்டீங்களா?”

வெட்டியிருந்தேன். கையும் கழுத்தும் தனித்தனியாகக் கிடந்தன.

“பரவால்ல லா அக்கா” என்றார். துண்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நேற்று மாலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அண்ணன், அம்மாவின் பிரம்பு நாற்காலியில். சித்தி, சோபாவில். நான், மெஷின் முன்னால். நாடகத்தில் புது மருமகள் ஒருத்தி ஆரத்தித் தட்டுக்கு முன்னால் வலது காலை எடுத்து வைத்தாள். முகத்தை மூன்று முறை காட்டினார்கள். விளம்பரம் வந்தது. நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

“ஏய், போடு லா. இப்ப ஆரம்பிச்சிரும்” என்றார் சித்தி.

டின்னை அண்ணன் முன்னால் தரையில் வைத்துத் திறந்தேன். ரப்பர் பேண்ட், பில், தைலக் குப்பி. அதற்கு அடியில் ரோஸ். நிறம் வெளுத்து, சில இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு.

“அம்மா விழுங்கல அண்ணே. நாக்குக்கு அடியில வச்சி இதுல போட்டாங்க. நான் பார்த்தேன்.”

அண்ணன் டின்னையே பார்த்தார். “எப்ப பார்த்த?”

“அப்பவே.”

சித்தி எழுந்தார். “எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்றார்.

“உக்காருங்க சித்தி. நாளைக்கு பாலிக் புலாவ் போறோம். அங்கேருந்து அந்த மாப்பிள்ளை வூட்டுக்கு. நீங்களும் வரணும். இத்தனை வருஷமா கதை சொன்னது நீங்கதானே, முடிவையும் நீங்களே சொல்லுங்க.”

சித்தி உட்கார்ந்தார். அண்ணன் நாற்காலியில் இருந்து இறங்கி, தரையில் பேப்பர் விரித்து, டின்னைக் கவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் எண்ணிய எண்ணிக்கை அவருக்கு ஞாபகம் இருந்தது. அதில் ஒன்று குறையும் என்பதும், அந்த ஒன்றை யார் விழுங்கியது என்பதும் தெரியும். ஒட்டியிருந்ததை நகத்தால் பிரித்து, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார்.

எண்பத்து மூன்று.